குறைந்தபட்சம் நான்கு ஜிபி

ஏற்காட்டில் கணினிக்கு ஏசி தேவையில்லை. ஜன்னலைத் திறந்து வைத்தால் போதும். மேகம் இறங்கி வரும் நாட்களில் மட்டும் மூடிவிட வேண்டும், ஈரம் கணினிக்கு ஆகாது. சேலத்திலிருந்து வருகிறவர்களிடம் இதைச் சொன்னால் பொறாமைப்படுவார்கள். அங்கே கணினி அறையைக் குளிர வைப்பதே பெரிய செலவாம்.

நான் ஜீப் ஓட்டுநர் சங்கத்தின் அலுவலகத்தில் வேலை செய்கிறேன். அலுவலகம் என்றால் ஒரு பேக்கரியின் மாடியில் ஒரே ஓர் அறை. காலையில் வெள்ளக்கடையிலிருந்து பஸ்ஸில் வருவேன், சாயங்காலம் பஸ்ஸில் போவேன். நடுவில் அதிகம் பேச வேண்டியிருக்காது. பன் வேகும் வாசனை மட்டும் மேலே வந்துகொண்டிருக்கும். இதைவிட நல்ல வேலை எனக்குக் கிடைத்திருக்காது என்று இப்போதும் நினைக்கிறேன்.

சின்னத்தாயி அக்கா இறந்தது பற்றி என்னிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். கேட்காததால் எழுதுகிறேன்.

முதலில் எங்கள் சேவையைப் பற்றிச் சொல்ல வேண்டும். மலையில் எல்லா ஊருக்கும் ஆம்புலன்ஸ் போகாது. செம்மநத்தம் மாதிரி ஊர்களுக்குப் பாதை குறுகல், வளைவு அதிகம். ஜீப்தான் போகும். யாருக்காவது பாம்பு கடித்தால், பிரசவ வலி வந்தால், ஜீப் ஓட்டுநர் யாரையாவது பிடிக்க வேண்டும். மொபைல் சிக்னல் பாதி இடங்களில் கிடையாது. அதனால் சங்கத்துக்காரர்கள் ஒரு நல்ல காரியம் செய்தார்கள். ஒவ்வோர் ஊரிலும் ஒரு கம்பம் நட்டு, அதில் வைஃபை பெட்டி வைத்தார்கள். கம்பத்துக்குப் பக்கத்தில் போய் போனைத் திறந்தால் ஒரு பக்கம் வரும். அதில் சிவப்பாக ஒரு பொத்தான், ‘வண்டி வேண்டும்’ என்று. யாருக்கு, என்ன என்று எழுதி அதைத் தொட்டால் செய்தி எங்கள் அறையில் இருக்கும் கணினிக்கு வரும். கணினி, பக்கத்தில் இருக்கும் ஓட்டுநர்களின் போனுக்கு அதை அனுப்பும். யார் முதலில் ‘போறேன்’ என்று பதில் போடுகிறாரோ அவர் கிளம்புவார். பெட்ரோல் செலவைச் சங்கம் பார்த்துக்கொள்ளும்.

அந்தக் கணினியைப் பார்த்துக்கொள்வதுதான் என் வேலை.

தொழில்நுட்பப் பொறுப்பு கோகுல் சாருடையது. சேலத்தில் கணினிக் கடை வைத்திருக்கிறார். சம்பளம் வாங்காமல் சனிக்கிழமைகளில் பைக்கில் மேலே வந்து இதைச் செய்துகொடுத்தார். நல்ல மனிதர். கொண்டை ஊசி வளைவு ஒவ்வொன்றிலும் யாராவது ஒருவருக்குக் கை காட்டிவிட்டுத்தான் வருவார் போல, வந்து சேரும்போதே சிரித்துக்கொண்டுதான் வருவார்.

இந்தப் பொத்தான் பக்கத்தை நடத்தும் வெப் சர்வர் மென்பொருளை நிறுவும் முன்பு அதன் தேவைப் பக்கத்தை நான் படித்தேன். எந்த மென்பொருளுக்கும் இப்படி ஒரு பக்கம் உண்டு. எந்த இயங்குதளத்தில் ஓடும், எந்தப் பதிப்பு, எப்படிப்பட்ட பிராசசர், வட்டில் எவ்வளவு காலி இடம், எவ்வளவு மெமரி. கோகுல் சார் அதையெல்லாம் படிப்பதில்லை. நான் இரண்டு முறை படித்தேன். எனக்கு அந்தப் பக்கங்கள் பிடிக்கும். வளைத்துப் பேசுவதில்லை. இவ்வளவு இருந்தால் ஓடுவேன், இல்லையென்றால் ஓட மாட்டேன் என்று முதலிலேயே சொல்லிவிடுகின்றன. மனிதர்களும் இப்படி ஒரு பக்கத்தைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு திரிந்தால் பழகுவது எவ்வளவு சுலபமாக இருக்கும்.

கணினி பழையது. ஓர் எஸ்டேட் அலுவலகத்தில் கழித்துக் கொடுத்தது. இயங்குதளம் காலாவதியானது, அதை மாற்றினேன். பிராசசர் சரியாக இருந்தது. வட்டில் இடமில்லை. எஸ்டேட்டில் கணக்கு எழுதும் ரைட்டர் வீட்டுக் கல்யாணப் படங்கள் இருந்தன, ஒரே படத்தைப் பல முறை ஏற்றியிருந்தார்கள். அவரிடம் கேட்டுக்கொண்டு அழித்தேன். மாப்பிள்ளை கண்ணை மூடியிருந்த படங்களை முதலில் அழித்தேன். இடம் வந்துவிட்டது.

மெமரிதான் இடித்தது. குறைந்தபட்சம் நான்கு ஜிபி என்று பக்கம் சொன்னது. கணினியில் இரண்டு மெமரித் துண்டுகள் இருந்தன. ஒன்று இரண்டு ஜிபி, இன்னொன்று ஒரு ஜிபி. மொத்தம் மூன்று.

கோகுல் சாரிடம் சொல்ல இரண்டு வாரம் தயங்கினேன். அவர் வரும்போதெல்லாம் சுற்றி ஓட்டுநர்கள் இருப்பார்கள். கடைசியில் சொன்னேன்.

“சார், மெமரி பத்தாதுங்க. நாலு வேணும்னு போட்டிருக்குதுங்க.”

“இருக்கறது எத்தன?”

“மூணுங்க.”

“மூணுக்கும் நாலுக்கும் என்ன கண்ணு வித்தியாசம்? ஏற்காடு பஸ்ஸுல இத்தன பேர்தான் ஏறோணும்னு எழுதிப் போட்டிருக்கான். நீ தெனமும் அதுலதான வர்ற. எண்ணியா ஏத்தறான்?”

அறையில் இருந்த எல்லோரும் சிரித்தார்கள். மாதையன் அண்ணன் சத்தமாகச் சிரித்தார். அவர்தான் ஓட்டுநர்களில் மூத்தவர், நல்ல ஓட்டுநரும் அவர்தான். “ஏனுங்க கோகுலு, என்ற ஜீப்புல எட்டுப் பேருன்னு போட்டிருக்குது. காப்பிக் காலத்துல டாப்புலயே எட்டுப் பேரு ஒக்காந்திருப்பாங்க” என்றார்.

நிறுவும்போது மென்பொருளே ஓர் எச்சரிக்கை காட்டியது. மெமரி குறைவு, தொடரலாமா என்று கேட்டது.

“பாத்தியா ரூபி, மரியாதையான சாப்ட்வேரு. தொடரலாமான்னு கேக்குது” என்று சொல்லி கோகுல் சார் ‘தொடர்க’ என்பதைத் தட்டினார்.

ஓடியது.

இன்றோ நாளையோ நின்றுவிடும் என்று நான் காத்திருந்தேன். மழைக்காலம் வந்தது, ஓடியது. மலர்க் கண்காட்சிக் கூட்டத்தில் ஊரே நெரிந்தது, ஓடியது. வாழவந்தியில் ஒரு குழந்தை காசை விழுங்கிவிட்டது. ஜீப் போய்க் கூட்டிவந்தது, காசு வெளியே வந்தது. அத்தாயி என்றொரு பெண்ணுக்கு ஜீப்பிலேயே பிரசவமானது, பையனுக்கு ஓட்டுநரின் பெயரையே வைத்தார்கள். ஒவ்வொரு முறையும் மாலையில் ஓட்டுநர்கள் மாடிக்கு வந்து, கணினியைத் தட்டிக்கொடுத்து, “மூணு ஜிபி, ரூபி!” என்பார்கள்.

பிறகு அது என் பெயரே ஆகிவிட்டது. “நாலு ஜிபி வருது, வழி உடுங்க” என்பார்கள். பேக்கரியில், “நாலு ஜிபிக்கு ஒரு தேங்கா பன்னு” என்பார்கள். வெள்ளக்கடை பஸ் கண்டக்டருக்கு எப்படித் தெரிந்ததோ, ஒருநாள் பஸ் முழுக்கக் கேட்கும்படி, “நாலு ஜிபி, உள்ள போ சாமி, எடம் இருக்குது” என்றார். கேலியில் கெட்ட எண்ணம் இல்லை. மலையில் யாருக்கும் என் மேல் கெட்ட எண்ணம் இருந்ததில்லை. நானும் சிரித்தேன்.

சின்னத்தாயி அக்கா மட்டும் என்னை ரூபி என்றே கூப்பிட்டார். செம்மநத்தத்துக்காரர். எஸ்டேட்டில் காப்பிப் பழம் பறிப்பார், சந்தை நாளில் ஏற்காட்டுக்கு வருவார். வந்தால் மாடிக்கு ஏறி, என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, போனைச் சார்ஜில் போட்டுவிட்டு, மடியிலிருந்து இரண்டு கொய்யாவோ ஒரு வெண்ணெய்ப்பழமோ எடுத்து மேசையில் வைப்பார். நான் பேசாவிட்டாலும் அவருக்குப் பரவாயில்லை. இரண்டு பேருக்கும் சேர்த்து அவரே பேசிவிடுவார்.

ஒருநாள் கேட்டார். “அதென்ன ரூபி நாலு நாலுங்கறாங்க? அது இல்லாட்டி என்னாவும்?”

“ஓடாதுங்கக்கா.”

“இப்ப ஓடுதே?”

“ஓடக் கூடாதுங்கக்கா.”

அவர் விழுந்து விழுந்து சிரித்தார். “ஓடக் கூடாததெல்லாம் ஓடத்தான் செய்யுது சாமி. எங்க ஊட்டுக்காரரு ஓடக் கூடாது. ஓடிட்டாரே. நொம்ப நல்லாவும் இருக்கறாராம், ஆத்தூருல.”

நானும் சிரித்தேன். அன்று வீட்டுக்குப் போகும் பஸ்ஸில் அதை நினைத்து மறுபடியும் சிரித்தேன். அவரை எனக்குப் பிடிக்கும். இதை யாராவது சந்தேகப்பட்டால் எனக்கு வருத்தமாக இருக்கும்.

கல்லூரியில் எங்கள் ஆய்வுக்கூடத்தில் ஒரு வழக்கம் இருந்தது. ஊசல் சோதனையில் வரும் அளவு புத்தகத்தில் உள்ளதோடு ஒத்துவரவில்லை என்றால், புத்தகம் தவறு என்று யாரும் எழுத மாட்டார்கள். நூலின் நீளத்தைப் பார்ப்போம், கொக்கியைப் பார்ப்போம், ஒத்துவரும் வரை சரிசெய்வோம். சோதனையில்தான் பிழை இருக்கும். இந்தக் கணினி விஷயமும் அப்படித்தான். நான்குக்குக் கீழே ஓடக் கூடாது என்பதை அந்த மென்பொருளை எழுதியவர்களே சொல்லியிருக்கிறார்கள். எங்கள் அறையில் அது மூன்றில் ஓடிக்கொண்டிருந்தது. யாரோ ஒருவர் அதைச் சரிசெய்ய வேண்டியிருந்தது.

இங்கே இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். செம்மநத்தம் பாதையில் இரண்டு ஜீப் எதிரெதிரே வந்தால் ஒன்று ரிவர்ஸிலேயே பின்னால் போக வேண்டும். ஒதுங்க இடமில்லை. முன்பு ஒரு தடவை, பதற்றத்தில் ஒரே நோயாளிக்கு இரண்டு பேர் இரண்டு வண்டிக்குச் சொல்லிவிட்டார்கள். ஒன்று ஏற்றிக்கொண்டு வர, இன்னொன்று எதிரே போய்விட்டது. மாதையன் அண்ணன் மழையில் வளைவு வளைவாகப் பின்னாலேயே எடுத்தார். ஒரு சக்கரம் பள்ளத்தில் தொங்கியதாம். அதற்குப் பிறகு அவரே ஊர் ஊராகப் போய்ச் சொன்னார். “ஒரு வண்டிக்குச் சொன்னீங்கன்னா அதோட உட்டுருங்க. இன்னொருத்தன கூப்புடாதீங்க. லேட்டானாலும் வரும். சொன்ன வண்டி வராம போவாது.”

மலைக்காரர்கள் அதை அப்படியே பிடித்துக்கொண்டார்கள். ஒரு முறை சொன்னால் பிறகு யாரையும் அழைப்பதில்லை. நோயாளியைப் பாதை ஓரத்துக்குத் தூக்கிவந்து காத்திருப்பார்கள். அது ஓட்டுநருக்குத் தரும் மரியாதையாகவும் ஆகிவிட்டது. மாதையன் அண்ணன் கேட்டுக்கொண்டதால் நானும் அதைப் பக்கத்தில் சேர்த்தேன். பொத்தானைத் தொட்டதும், ‘வண்டிக்குச் சொல்லியாயிற்று. வேறு யாரையும் அழைக்க வேண்டாம். வண்டி வரும்’ என்று பெரிய எழுத்தில் வரும். அந்த வாக்கியங்கள் நான் எழுதியவை. சின்னத்தாயி அக்கா படித்துக் காட்டச் சொல்லிக் கேட்டுவிட்டு, “தெளிவா இருக்குது கண்ணு” என்றார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் சோதனை செய்தேன். அறையில் யாரும் இல்லை. கீழே சுற்றுலாப் பயணிகள் பன் வாங்க வரிசையில் நின்றார்கள். கணினியை நிறுத்தி, மூடியைத் திறந்து, ஒரு ஜிபி துண்டைக் கழற்றினேன். மீதி இரண்டு ஜிபி. மறுபடியும் இயக்கினேன்.

அதிலும் ஓடியது. எனக்குச் சற்று வருத்தமாகவே இருந்தது.

அதனால் மாற்றிப் போட்டேன். ஒரு ஜிபியை உள்ளே வைத்து, இரண்டு ஜிபியை எடுத்தேன். இந்த முறை புத்தகத்தோடு ஒத்துவர ஆரம்பித்தது. மெமரி போதாமல் போனால் இயங்குதளம் ஏதாவது ஒரு நிரலைத் தேர்ந்தெடுத்து நிறுத்திவிடும். மற்றவை பிழைக்க வேண்டும் என்பதற்காக. யார் மேலும் கோபமில்லாமல் செய்யும். எது முதலில் நிறுத்தப்படுகிறது என்று பார்த்தேன். பக்கத்தைக் காட்டுகிற நிரல் சின்னது, அது தப்பித்துக்கொண்டது. ஓட்டுநர்களுக்குச் செய்தி அனுப்புகிற நிரல்தான் பெரியது. அது நின்றது. அதாவது, பொத்தானைத் தொட்டால் ‘வண்டி வரும்’ என்று பக்கம் சொல்லும். செய்தி மட்டும் யாருக்கும் போகாது.

எப்போது நிற்கும் என்று சொல்ல முடியாது. சில மணி நேரம் ஓடும், சில நாள்கூட ஓடும். ஆனால் நிற்கும்.

எல்லாவற்றையும் பழையபடி மாட்டிவிட்டு வீட்டுக்குப் போனேன். சோதனை என்றால் சோதனைதான், உடனே எதுவும் செய்யவில்லை. நிறைய யோசித்தேன். அந்த வாரம்தான் சங்கத்தின் ஆண்டு விழா. கோகுல் சாருக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். அவர் மைக்கில், “எல்லாரும் நாலு வேணும்னாங்க. நான் மூணுலயே ஓட்டிக் காட்டினேன்” என்றார். கைதட்டல் அடங்கவே இல்லை. எல்லோரும் திரும்பி என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். மாதையன் அண்ணன் எனக்கு இரண்டாவது கப் பாயசம் கொண்டுவந்து கொடுத்தார். பாயசம் நன்றாக இருந்தது.

அதற்கடுத்த திங்கட்கிழமை காலையில் கரண்ட் போன நேரம் பார்த்து இரண்டு ஜிபி துண்டை எடுத்தேன்.

பெரிதாக எதுவும் நடக்க வேண்டும் என்று நான் விரும்பவில்லை. ஒரு சுளுக்கு போதும் என்று நினைத்தேன். யாராவது சுளுக்கோடு கொஞ்ச நேரம் பாதை ஓரத்தில் காத்திருப்பார்கள், வண்டி வராது, சங்கத்தில் பேச்சாகும், கோகுல் சார் வந்து பார்ப்பார், மெமரி போதவில்லை என்று தெரியும், நான்கு ஜிபி வாங்குவார்கள். யாருக்கும் நஷ்டமில்லை. எல்லோருக்கும் நன்மை. யோசித்துப் பார்த்தால் இப்போதும் அந்தத் திட்டத்தில் குறை தெரியவில்லை. நோயாளியைத் தேர்ந்தெடுக்கிற வசதி மட்டும் என்னிடம் இல்லை.

முதலில் இரண்டு செய்திகள் வந்தன, இரண்டும் ஒழுங்காகப் போய்ச் சேர்ந்தன. பிறகு ஒரு மதியம், சாப்பிட்டு முடித்து டப்பாவைக் கழுவி வைத்தபோது, அனுப்புகிற நிரல் நின்றுவிட்டதாகத் திரையில் ஒரு வரி வந்தது. அழகான வெயில் நாள் அது. மழை விட்டு மலை முழுக்கப் பளிச்சென்று இருந்தது.

அன்றுதான் செம்மநத்தம் பக்கத்து எஸ்டேட்டில் கதண்டு கலைந்தது. கதண்டு என்பது பெரிய குளவி. சில்வர் ஓக் மரங்களின் உச்சியில் கூடு கட்டும், மனிதர்களைத் துரத்திக் கொட்டும். காப்பி பறித்துக்கொண்டிருந்த பெண்கள் ஓடினார்கள். சின்னத்தாயி அக்கா கடைசியாக ஓடினார். மகள் சிவரஞ்சனியை முன்னால் தள்ளிவிட்டு ஓடியதால் கடைசியாகிவிட்டார். தலையிலும் கழுத்திலும் கொட்டியது.

மீதியைச் சிவரஞ்சனி பிற்பாடு என்னிடம் சொன்னாள். கம்பத்துக்கு ஓடிப் போய்ப் பொத்தானைத் தொட்டாளாம். ‘வண்டி வரும்’ என்று வந்ததாம். அம்மாவைப் பாதை ஓரத்தில் சாக்கு விரித்துப் படுக்க வைத்தார்களாம். கொட்டிய இடங்களில் சுண்ணாம்பு தடவினார்களாம்.

“அம்மா பேசிக்கிட்டுத்தான் இருந்துச்சுக்கா. மூச்சு இழுத்துக்கிட்டு, சிரிச்சுக்கிட்டே. ‘மாதையன் டீ குடிச்சுட்டு வருவான், அவஞ் சுபாவம் தெரியாதா’ன்னு சொல்லுச்சு. நான் இன்னொருத்தரக் கூப்புடலாமான்னு கேட்டேன். ‘வேண்டா சாமி, எதுக்கால ரெண்டு வண்டி ஆயிரும். சொல்லியாச்சுல்ல, வந்துரும்’னுச்சு.”

எஸ்டேட் டிராக்டர் ஒன்று தற்செயலாக அந்த வழியே வந்தபோது அவர் பேசுவதை நிறுத்திவிட்டிருந்தார். டிராக்டரில்தான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தார்கள். வழியில் எங்கள் பேக்கரியைத் தாண்டித்தான் போக வேண்டும். போனது.

செய்தி ஊருக்குத் தெரிந்த உடனே நான் கணினியை நிறுத்தி இரண்டு ஜிபியை மறுபடி மாட்டினேன். கோகுல் சார் மறுநாள் காலையிலேயே வந்துவிட்டார். அன்று அவர் யாருக்கும் கை காட்டியிருக்க மாட்டார். கணினியின் பதிவுகளைத் திறந்தார். மெமரி போதவில்லை, அதனால் நிரல் நிறுத்தப்பட்டது என்று தெளிவாக இருந்தது. மூன்று ஜிபி போதவில்லை என்றே அவர் எடுத்துக்கொண்டார். அதற்குச் சற்று மேலே, கணினியை இயக்கியபோது எவ்வளவு மெமரி இருந்தது என்ற வரியும் இருந்தது. மேலே ஏற்றிப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். அவர் அவ்வளவு தூரம் படிக்கவில்லை. அவர் எதையுமே முழுக்கப் படிப்பதில்லை என்று சொன்னேன் அல்லவா.

நாற்காலியில் உட்கார்ந்து முகத்தைக் கைகளால் மூடிக்கொண்டார்.

“நீ சொன்னே ரூபி. அன்னைக்கே சொன்னே. நாந்தான் கேக்கல.”

“பரவால்லைங்க சார்” என்றேன். கீழே போய் அவருக்கு ஒரு டீ வாங்கிக்கொண்டு வந்தேன். அவர் குடிக்கவில்லை.

அதன் பிறகு எல்லாம் நல்லபடியாகவே நடந்திருக்கிறது. ஓர் எஸ்டேட்காரர் புதுக் கணினி வாங்கிக் கொடுத்தார். எட்டு ஜிபி. தேவைக்கு இருமடங்கு. நிறுவும்போது எந்த எச்சரிக்கையும் வரவில்லை. தேவைப் பக்கத்தில் உள்ள ஒவ்வொரு வரிக்கும் நேராக ஒரு பச்சைக் குறி வந்தது. அவ்வளவு நிம்மதியாக நான் எந்தத் திரையையும் பார்த்ததில்லை. கோகுல் சார் இப்போது வருவதில்லை. கடையையும் தம்பியிடம் கொடுத்துவிட்டாராம். பொறுப்பு முழுக்க என்னிடம் வந்துவிட்டது. நான் என்ன கேட்டாலும் சங்கத்தில் மறுபேச்சில்லாமல் வாங்கிக் கொடுக்கிறார்கள். “ரூபி சொன்னா செரியாத்தான் இருக்கும்” என்கிறார்கள். நாலு ஜிபி என்று யாரும் கூப்பிடுவதில்லை. பஸ் கண்டக்டர்கூட, “வாங்க மேடம்” என்கிறார். கொல்லிமலையிலிருந்து இரண்டு பேர், தங்கள் ஊரிலும் இதே மாதிரி செய்ய வேண்டும் என்று வந்து கேட்டுப் போனார்கள். நான் கால் மணி நேரம் தடுமாறாமல் பேசினேன். எனக்கே ஆச்சரியம்.

சிவரஞ்சனிக்கு அலுவலகத்தில் ஒரு வேலை கேட்டு வாங்கிக் கொடுத்தேன். நன்றாகக் கற்றுக்கொள்கிறாள். அம்மா மாதிரியே பேசிக்கொண்டே வேலை செய்கிறாள், எனக்கும் சேர்த்து அவளே பேசிவிடுகிறாள். போன வாரம் புது மென்பொருள் ஒன்றின் தேவைப் பக்கத்தை அவளே படித்து, எது இருக்கிறது எது இல்லை என்று சொன்னாள். ஒன்றும் விடவில்லை. பெருமையாக இருந்தது.

“நீங்க சொன்னத அன்னைக்கே கேட்டிருந்தாங்கன்னா எங்கம்மா இருந்திருக்கும், இல்லீங்களாக்கா?” என்று கேட்டாள்.

ஆமாம் என்றேன். அதில் பொய் ஒன்றும் இல்லை. கேட்டிருந்தால் நான் எதையும் கழற்றியிருக்க வேண்டியதில்லை.

சொல்லாமல் விட்டது ஒன்றுதான். அதையும் சொல்லிவிடுகிறேன், பாதி சொல்வது எனக்குப் பிடிக்காது. அன்று மதியம் சிவரஞ்சனி பொத்தானைத் தொட்டபோது நான் திரைக்கு முன்னால்தான் இருந்தேன். செம்மநத்தம், கதண்டு, சின்னத்தாயி என்று வந்தது. செய்தி யாருக்கும் போகவில்லை என்பதும் தெரிந்தது. ஜன்னல் திறந்திருந்தது. எதிரே ஜீப் ஸ்டாண்டில் மாதையன் அண்ணன் சும்மா நின்றுகொண்டிருந்தார், கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு. அவர் ஓட்டினால் செம்மநத்தம் ஒன்றும் தூரமில்லை. நான் கூச்ச சுபாவம், தெருவில் ஒருவரைச் சத்தம் போட்டுக் கூப்பிட எனக்கு வராது. ஆனால் அன்று கூப்பிட வேண்டிய தேவையே இருக்கவில்லை. அவரே நிமிர்ந்து என்னைப் பார்த்துவிட்டார்.

“என்ன நாலு ஜிபி, ஏதாவது வேணுங்களா?” என்று கேட்டார்.

நான் வேண்டாம் என்று தலையாட்டினேன். சொல்லியிருந்தால் ஜீப் நேரத்துக்குப் போயிருக்கும். ஜீப் நேரத்துக்குப் போயிருந்தால், மூன்று ஜிபி போதும் என்றே எல்லோரும் இன்னும் சொல்லிக்கொண்டிருப்பார்கள்.